குரல் பல இருந்தாலும் கை ஒன்றுதான்

கண்ணு, வேரியாக்ஸ் கிதார் வாங்கியிருக்கிறாய் என்று கேட்டதும் மனம் குளிர்ந்துபோயிற்று. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று இந்தப் பக்கத்து மெல்லிசை மேடைகளிலேயே எனக்கு வயதாகிவிட்டது. நீ தொடங்கும்போதே சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

1. கையில் இருப்பதை முதலில் அறிந்துகொள். 2000களின் தொடக்கத்தில் லைன் 6 நிறுவனம் கொண்டுவந்தது இது. பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியே ஒரு பீசோ பிக்கப். ஆறு கம்பிகளின் அதிர்வும் உள்ளே இருக்கும் சிப்புக்குப் போய், ஸ்ட்ராட்டோகாஸ்டராகவோ லெஸ் பாலாகவோ பன்னிரண்டு கம்பி அக்கூஸ்டிக்காகவோ பேஞ்சோவாகவோ வெளியே வருகிறது. கணக்குப் போடுவது சிப். அதிர்வைக் கொடுப்பது நீ. அவசரப்படும் விரல் எந்தக் குரலிலும் அவசரமாகத்தான் கேட்கும்.

2. ஒரு குரலோடு கொஞ்ச காலம் குடியிரு. குரல் மாற்றும் குமிழைத் திருகத் திருகப் புதுப்புது ஒலி வரும்போது வாசிப்பு வளர்ந்துவிட்டதாகத் தோன்றும். வளர்ந்திருக்காது.

3. அசலைக் காது நிறையக் கேள். 'மூடுபனி' (1980) படத்தின் 'என் இனிய பொன் நிலாவே', 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' இரண்டையும் எல்லாக் கச்சேரியிலும் கேட்பார்கள். அக்கூஸ்டிக் குரலுக்கு மாற்றிவிட்டு, ராக் பாட்டுக்கு அடிப்பதுபோல் பிக்கால் அடித்தால் அந்தப் பாட்டு வராது. எங்கள் குழுவின் மூத்த கிதார்காரர், கருவியை மாற்றும் ஒவ்வொரு முறையும் உட்காரும் விதத்தையே மாற்றிக்கொள்வார். உனக்குக் கருவி மாறாது. அதனால் கையை நீதான் மாற்ற வேண்டும்.

4. பிறர் பாட்டுக்கு வாசிப்பதைத் தாழ்வாக நினைக்காதே. 1976இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன் இளையராஜா, ஜி.கே. வெங்கடேஷின் இசைக்குழுவில் கிதார் வாசித்தவர்; தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராக உட்கார்ந்தவர். ஞாயிறு ஆராதனையில் சபையே பாடும்போது உன் கிதார் அந்தக் குரல்களுக்கு அடியில் இருக்கட்டும். பேஞ்சோ ஒலி இருக்கிறது என்பதற்காக அதை அங்கே எடுக்காதே.

5. பேட்டரியைப் பார்த்துக்கொள். முதலில் வந்த வேரியாக்ஸில் காந்தப் பிக்கப்பே கிடையாது. மின்சாரம் தீர்ந்தால் சத்தமே வராது. பின்னால் வந்த ஜேம்ஸ் டைலர் வகையில் காந்தப் பிக்கப்பும் உண்டு. எதுவானாலும் ஆடி மாதத்து அம்மன் கோயில் மேடையில் பாடகி பல்லவியை எடுத்துவிட்டால் உனக்காக யாரும் காத்திருக்க முடியாது. நான் சொன்ன எங்கள் குழுவின் மூத்த கிதார்காரர் எல்லோருக்கும் முன்னால் வந்து, தன் ஒயரோடு மற்றவர்கள் ஒயரையும் சோதித்துவைப்பார். அவர் வாசிப்பைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அந்தப் பழக்கம்.

6. வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடை. நம் ஊர்ப் புழுக்கத்தில் கம்பி துருப்பிடிக்கும். பிரிட்ஜ் பக்கம் ஈரம் தங்கினால் பீசோவுக்கும் கெடுதல்.

7. ட்யூனிங்கைக் குமிழால் மாற்றும் வசதி இருந்தால் ஒன்றைக் கவனி. கம்பி பழைய சுருதியிலேயே இருக்கும். ஸ்பீக்கரில் வருவது மட்டும் மாறும். சின்னச் சத்தத்தில் இரண்டும் சேர்ந்து கேட்டுக் காதைக் குழப்பும். ஹெட்போன் போட்டுப் பழகு.

8. உன் பக்கத்தில் சாதாரணக் கிதாரோடு வரும் பிள்ளையிடம் உன்னுடையதைக் கொடுத்து வாசிக்கச் சொல். அவன் கையில் அது எப்படிப் பேசுகிறது என்று உட்கார்ந்து கேள், கண்ணு.