அறிஞர் ஹிண்டனும் மேற்கோள் கணக்கும்

பிறரிடம் உதவி பெற்றவர் அவ்வுதவியை மறவாது எடுத்துரைத்தல் நன்றியறிதலாகும். கல்வியுலகிலும் இவ்வறம் உண்டு. ஆராய்ச்சியாளர் ஒருவர் புதிய கட்டுரை எழுதும்போது, தமக்கு முன் உழைத்தவர்களுள் எவரெவர் கருத்துத் தமக்குத் துணையாயிற்று என்பதைப் பெயரும் ஆண்டும் குறித்துக் காட்டுவர். இதனை மேற்கோள் காட்டுதல் என்பர். ஒரு கட்டுரையைப் பின்வந்தோர் எத்துணை முறை மேற்கோளாகக் காட்டினர் என்று எண்ணினால், அதனால் விளைந்த பயன் ஓரளவு புலப்படும். அமெரிக்க நாட்டு யூஜின் கார்பீல்டு என்பார் 1964-ஆம் ஆண்டில் இதற்கெனவே பெரிய அட்டவணை ஒன்றை வெளியிட்டார். பின்னர் மேற்கோளை எண்ணும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று. அக்கணக்கு உணர்த்துவது யாது, உணர்த்தாதது யாது என்பதற்கு அறிஞர் ஜெப்ரி ஹிண்டனின் ஆராய்ச்சி வாழ்க்கை நல்ல சான்றாகும்.

ஹிண்டன் 1947-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரைச் சார்ந்த விம்பிள்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உளநூல் பயின்று 1970-இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சிலகாலம் தச்சுத் தொழில் செய்தார். எனினும், மூளை எங்ஙனம் கற்கிறது என்னும் வினா அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. மூளையின் நரம்பணுக்கள் பின்னிக் கிடப்பது போலக் கணிப்பொறியினுள் சிறு சிறு உறுப்புகளைப் பிணைத்தால், அதுவும் தானே கற்கும் என்று அவர் நம்பினார். அப்பிணைப்பை நரம்பு வலை என்பர்.

அவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி தொடங்கிய காலம் இக்கருத்துக்கு உகந்ததாக இல்லை. மின்ஸ்கி, பாப்பர்ட்டு என்னும் அறிஞர் இருவர் 1969-இல் வெளியிட்ட நூல், ஓரடுக்கு நரம்பு வலையால் எளிய செயல்கள் சிலவும் இயலா என மெய்ப்பித்திருந்தது. ஆதலின் பலர் அத்துறையைக் கைவிட்டனர். வழிகாட்டிய பேராசிரியரும் வேறு துறைக்கு மாறுமாறு வற்புறுத்தினார். ஹிண்டன் மாறினாரல்லர், 1978-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1986-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ருமெல்ஹார்ட், வில்லியம்ஸ் என்பாருடன் சேர்ந்து 'நேச்சர்' என்னும் இதழில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் அளவு நான்கே பக்கம். பல அடுக்கு வலைக்குக் கற்பிக்கும் வழியை அது விளக்கிற்று. அம்பு இலக்கினின்று வலப்புறம் விலகினால், வில்லாளன் அடுத்த முறை கையைச் சிறிது இடப்புறம் திருப்புவான். அதுபோல, பொறி தந்த விடை பிழையாயின், அப்பிழையை இறுதி அடுக்கிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஒவ்வோர் இணைப்பின் வலிமையையும் சிறிது திருத்த வேண்டும். இவ்வாறு பன்முறை திருத்தப் பொறி கற்றுக்கொள்ளும்.

இக்கட்டுரை முதலில் ஆர்வத்தைத் தூண்டிற்று. ஆயினும் அக்காலக் கணிப்பொறிகள் விரைவு குன்றியவை. கற்பித்தற்குரிய செய்திகளும் போதிய அளவில் இல்லை. எனவே ஆர்வம் மீண்டும் தணிந்தது. டொரான்டோ நகரில் ஹிண்டன் தளராது உழைத்தார். 2012-இல் அவரும் அவர் மாணாக்கர்களான கிரிசெவ்ஸ்கி, சுட்ஸ்கெவர் என்பாரும் படங்களை இனங்காணும் போட்டி ஒன்றில் தம் வலையைப் புகுத்தினர். அது பன்னிரண்டு இலட்சம் படங்களைக் கண்டு கற்றது. ஐந்து விடைகள் கூற இடந்தந்தும், இரண்டாவதாக வந்தவர் பிழை நூற்றுக்கு 26.2; இவர்கள் பிழை 15.3. அதனை விளக்கிய கட்டுரை இதுகாறும் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றுள்ளது. 2018-ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதை அவர் வேறிருவரோடும், 2024-இல் இயற்பியல் நோபல் பரிசை ஹாப்பீல்டுடனும் பெற்றார்.

எனினும் எண்ணிக்கை முழு உண்மையையும் உரைப்பதில்லை. ஒரு கருத்தை மறுப்பவரும் அதனை மேற்கோளாகக் காட்டுவர். அதுவும் கணக்கில் சேரும். பிழையைப் பின்னோக்கிக் கணக்கிடும் முறைக்கு அடிப்படையானதொரு வழியைப் பின்லாந்து நாட்டு லின்னைன்மா என்பார் 1970-இலேயே எழுதினார். அமெரிக்கரான வெர்போஸ் 1974-இல் அத்தகைய கருத்தை ஆராய்ந்தார். இவர்கள் பெயரைப் பலர் நெடுங்காலம் அறிந்திலர். அம்முறையைத் தாமே முதலில் கண்டதாக ஹிண்டன் உரிமை கொண்டாடுவதில்லை. மேலும், தாம் வளர்த்த கலையால் தீங்கும் நேரலாம் என்று எச்சரிக்கும் பொருட்டு, 2023-இல் அவர் கூகிள் நிறுவனப் பணியைத் துறந்தார். இச்செய்கையின் பெருமையை எந்த அட்டவணை அளக்கவல்லது?

புகழ் காலந்தாழ்த்து வரலாம், வாராதும் போகலாம். அதனை எண்ணித் தளராது உண்மையைத் தேடுதலும், தமக்கு முன் தேடியவரை மறவாது கூறுதலும் கற்றோர் கடமையாகும். மேற்கோள் என்பது புகழை எண்ணும் கருவியாவதற்கு முன், நன்றி கூறும் முறையே அன்றோ!