இயந்திரத்தில் கை அகப்பட்டால்...

இலண்டனில் நம்மவர் பலர் இறைச்சிக் கடைகளிலும் பேக்கரிகளிலும் இயந்திரங்களோடு வேலை செய்கின்றனர். பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைப்பதும், மின்சாரத்தை நிறுத்தாமல் துப்புரவு செய்வதும் விரல்களைப் பறித்துவிடும். ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்புப் போடுவது முதலாளியின் கடமை என்கின்றன 1998ஆம் ஆண்டு விதிகள்.

உடனே செய்ய வேண்டியவை

இயந்திரத்தை நிறுத்தி 999ஐ அழையுங்கள். சுத்தமான துணியால் காயத்தை அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டான விரலைக் கழுவாமல் பிளாஸ்டிக் பையிலிட்டு, பையைத் துணியால் சுற்றி ஐஸ் மேல் வையுங்கள். ஐஸ் நேரே பட்டால் திசு பழுதாகும். பிறகு பொருத்துவது கடினம்.

பின்னர் செய்ய வேண்டியவை

முதலாளி ஊரவர், சொந்தக்காரர் என்பதால், "வீட்டில் கத்தி வெட்டியது" என்று வைத்தியரிடம் சொல்லிவிடுகிறோம். அந்தப் பொய் மருத்துவப் பதிவில் நிலைத்து, பின்னர் நம் உரிமைகளுக்கே தடையாகும். உண்மையைச் சொல்லுங்கள், வேலைத்தல விபத்துப் பதிவேட்டிலும் எழுதுவியுங்கள்.

தகுதியுள்ளோருக்கு 28 வாரம் வரை சட்டப்படியான நோய்க்காலச் சம்பளம் உண்டு. ஊழியர் அரசின் வேலைக்காய உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பாதிப்பு 14 சதவீதம் அல்லது அதற்கு மேல் என மதிப்பிடப்பட்டால் பொதுவாக அது கிடைக்கும். வேலைக்குத் திரும்பினாலும் அது கிடைக்கும். நட்டஈட்டு வழக்கைப் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். முதலாளிகள் காப்புறுதி வைத்திருக்க வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். எனவே நட்டஈட்டைப் பொதுவாகக் காப்புறுதி நிறுவனமே கொடுக்கும்.

உறவு முறியும் என்று அஞ்சி மௌனமாக இருக்க வேண்டாம். இழந்த விரல் திரும்பாது. உரிமையையும் சேர்த்து இழக்காதிருப்போம்.