வெயில் இலவசம், விளக்கு இலவசமல்ல



நமது திருகோணமலையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மூதூர் வயலிலும் குச்சவெளிக் கடற்கரையிலும் அது ஒரேவிதமாகத்தான் காய்கிறது. அப்படியிருக்க, ஒரு வீட்டார் சூரிய மின்சாரத்தை ஏற்பதும் அயல்வீட்டார் தயங்குவதும் ஏன்? இதை இன்று சற்று ஆராய்வோம்.

நமது நாட்டிலேயே இதற்குப் பாடம் உண்டு. உலக வங்கியின் உதவியுடன் 1997 முதல் 2002 வரை நடந்த திட்டத்தினால், மின்கம்பி போகாத இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமத்து வீடுகளில் சூரிய விளக்கு எரிந்தது. அடுத்து 2011 வரை நடந்த திட்டத்தில் இத்தொகை இலட்சத்தைத் தாண்டியது. அவ்வீடுகள் எப்படி ஏற்றன?

முதலாவது, கடன் வசதி. முழு விலையையும் ஒரே தடவையில் கொடுக்க ஏழைக் குடும்பத்தால் முடியாது. சர்வோதயத்தின் கடன் பிரிவு போன்றவை தவணைக்குக் கொடுத்தபடியால் அது கைக்கு எட்டியது. ஆனால் மீன்பாடும் அறுவடையும் மாதாமாதம் வருவதில்லை. தவணையோ மாதாமாதம் வரும்!

இரண்டாவது, பராமரிப்பு. தகடு இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். அக்காலத்துப் பற்றறியோ சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். புதியது வாங்கப் பணம் ஒதுக்காத வீட்டில் மீண்டும் குப்பிவிளக்குத்தான்.

மூன்றாவது, மின்கம்பி. இன்றோ நாளையோ கம்பி வரும் என்று நம்பியவர்கள் வாங்கவில்லை. கம்பி வந்ததும் வாங்கியவர்களிற் பலர் தகட்டைக் கைவிட்டார்கள். கடன் மட்டும் சிலரை விடவில்லை.

இன்று கம்பி ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆகவே கேள்வியும் மாறிவிட்டது. 2016இல் அரசு தொடங்கிய திட்டத்தின்படி, கூரையிலிருந்து மின்சார சபைக்குக் கொடுக்கும் அலகுக்கு முதல் ஏழாண்டுகள் 22 ரூபாவும், பின்னர் 15 ரூபா 50 சதமும் கிடைத்தன. புதிதாகச் சேர்பவர்களுக்கான விலை பிற்பாடு மாறிற்று. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் ஏறியபோது பலரும் கூரையைப் பார்க்கத் தொடங்கினார்கள். 2025 ஏப்ரலில் சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதே நாளில் ஐயாயிரம் வழிபாட்டுத் தலங்களின் கூரைகளுக்குச் சூரியத் தகடு வழங்கும் திட்டமும் தொடங்கப்பட்டது.

எனவே கையொப்பமிடுமுன், குடும்பமாக இருந்து கேளுங்கள்:

1. நம் மாதப் பில் தவணையை விடக் கூடியதா, குறைந்ததா?
2. கடல் வாடைக்காலத்தில் கைவராத மாதங்களில் தவணையை எதிலிருந்து கட்டுவோம்?
3. மரநிழல் கூரையில் விழுகிறதா? உப்புக்காற்றுக்குச் சட்டமும் ஆணியும் தாங்குமா?
4. பழுதானால் வருபவர் யார்? எத்தனை ஆண்டுக்கு உத்தரவாதம்? எழுத்தில் உண்டா?
5. பற்றறியில்லாத சாதாரண அமைப்பு, ஊரில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும் என்பதை அறிவோமா?

இவற்றுக்கு விடை கிடைத்தபின் வாங்குபவர் ஏமாறமாட்டார். விடை கிடைக்காவிட்டால் பொறுத்திருப்பதும் புத்திதான். சூரியன் நாளையும் உதிக்கும். அவசரத்தில் பட்ட கடனோ பிள்ளைகளின் தலையிலும் விழக்கூடும்.