விசாரித்துத்தான் எழுதினீர்கள் என்பதற்கு என்ன சாட்சி?

கேள்வி: எங்கள் ஊரில் சிறிய மாத இதழ் நடத்துகிறேன். பேரூராட்சி போட்ட சாலை மூன்றே மாதத்தில் பெயர்ந்துவிட்டதைப் படத்தோடு வெளியிட்டோம். பணி ஆணையும் பில் நகலும் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கியவை. ‘தலைவரும் ஒப்பந்தக்காரரும் பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்’ என்று ஒரு வரியும் சேர்த்திருந்தோம். இருவரும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். பத்து லட்சம் நஷ்டஈடு தர வேண்டுமாம், இல்லையென்றால் கிரிமினல் வழக்காம். பொதுநலனுக்காகத்தானே எழுதினோம், அது போதாதா?

பதில்: போதாது. எழுதுவதற்கு முன் என்ன விசாரித்தீர்கள் என்றுதான் நீதிமன்றம் முதலில் கேட்கும்.

நஷ்டஈட்டு வழக்கில் உங்களுக்குத் துணை, 1994-இல் உச்ச நீதிமன்றம் ராஜகோபால் வழக்கில் தந்த தீர்ப்பு. கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிட இருந்தபோது எழுந்த வழக்கு அது. பொது ஆவணங்களை அடிப்படையாகக் கொண்டு எழுதலாம் என்றது நீதிமன்றம். அரசுப் பொறுப்பில் இருப்பவரின் அலுவல் தொடர்பாக எழுதியது பின்னர் தவறென்று தெரிந்தாலும், நியாயமான அளவு விசாரித்த பிறகே வெளியிட்டோம் என்று காட்டினால் போதும். பகைமையால் எழுதிய பொய் என்று நிரூபணமானால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. தலைவர் விஷயத்தில் இந்தத் தீர்ப்பு பொருந்தும். ஒப்பந்தக்காரர் தனி நபர். அவரைப் பற்றிய வரிக்கு இதை நம்பி இருக்காதீர்கள். இங்கிலாந்தில் 2013-ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டமே பொதுநலனைத் தனி எதிர்வாதமாக ஏற்கிறது. நம் சிவில் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை, தீர்ப்புகளை வைத்துத்தான் வாதாட வேண்டும்.

கிரிமினல் வழக்கு இன்னும் கறாரானது. பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆவது பிரிவின்படி அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம் அல்லது சமூக சேவை விதிக்கலாம். இங்கே உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது, அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். நல்லெண்ணத்தில் எழுதினோம் என்ற விதிவிலக்கும் உண்டு. ஆனால் தக்க கவனத்தோடு செய்ததைத்தான் சட்டம் நல்லெண்ணம் என்று ஏற்கும். இதற்காகப் போலீஸ் நேராக எஃப்.ஐ.ஆர். போட முடியாது; நோட்டீஸ் அனுப்பியவர்கள்தான் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும். புகாரை ஏற்பதற்கு முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

சாலை பற்றிய செய்தியில் எனக்குக் கவலை இல்லை. ‘பங்கு’ என்ற வரிதான் இடிக்கிறது. அதற்கு யார் சாட்சி? வெளியிடுமுன் இருவரிடமும் விளக்கம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் அந்த அழைப்பு விவரம், வாட்ஸ்அப் செய்தி, குறிப்பேடு, படங்களின் மூலப் பிரதி, தகவல் உரிமைக் கடிதங்கள் எதையும் அழிக்காமல் வையுங்கள்.

வக்கீல் வழியாக நோட்டீஸுக்குப் பதில் அனுப்புங்கள். கோபத்தில் அடுத்த இதழில் இன்னொரு கட்டுரை வேண்டாம். தலைவர், ஒப்பந்தக்காரர் இருவரின் விளக்கத்தையும் கேட்டு, செய்தி வந்த அதே அளவில் போடுங்கள். பங்குக்கு ஆதாரம் இல்லையென்றால் அந்த வரியை மட்டும் திரும்பப் பெற்று வருத்தம் தெரிவியுங்கள். சாலைச் செய்திக்காக வருத்தம் தெரிவிக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.