அட்டாச்மென்ட்டா, லிங்க்கா, வாட்ஸ்அப்பா?

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் பொதுக்குழு நெருங்கினால், செயலாளருக்குக் கணக்கு எழுதுவதைவிட அதை எல்லா வீட்டுக்கும் கொண்டுசேர்ப்பதுதான் பெரிய தலைவலி.

பழகிய வழி, மின்னஞ்சலில் அட்டாச்மென்ட். இரண்டு பக்க பிடிஎஃப் என்றால் இதைவிடச் சுலபம் வேறில்லை. பெற்றவரிடமே பிரதி தங்கிவிடும். சில வருடம் கழித்துத் தேடினாலும் அகப்படும். ஸ்கேன் செய்த லிஃப்ட் பில், பெயின்ட் பில் எல்லாம் சேர்ந்தால்தான் சிக்கல். ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. தாண்டினால் அதுவே டிரைவ் லிங்க்காக மாற்றிவிடும். அஞ்சலில் போகும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுவதால், வரம்புக்குள் இருப்பதைக்கூடப் பெறுபவரின் சேவை திருப்பி அனுப்பலாம்.

அளவைவிட மோசமானது திருத்தம். பொருளாளர் ஒரு தொகையை மாற்றி ‘கணக்கு ஃபைனல்’ அனுப்புவார். மறுநாள் ‘கணக்கு ஃபைனல் 2’ வரும். கூட்டத்தில் பாதிப்பேர் பழையதை வைத்துச் சண்டை போடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் 2 ஜிபி வரை அனுப்பலாம், தாத்தா பாட்டிகளும் திறப்பார்கள். ஆனால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் கணக்கு புதைந்துபோகும். நாளாகிப் பதிவிறக்கினால், அனுப்பியவரையே மறுபடி அனுப்பச் சொல்லும். “கணக்கு மெயிலில் வந்திருக்கிறது” என்று அறிவிக்க மட்டும் அது போதும்.

திருத்தம் வரக்கூடிய கோப்புக்குக் கூகுள் டிரைவ்தான் சரி. ஒரே பிரதி, ஒரே லிங்க். மாற்றினால் எல்லாருக்கும் மாறும். அனுமதியில்தான் கவனம் வேண்டும். ‘லிங்க் உள்ள எவரும்’ என்று விட்டால் உறுப்பினர்களின் கைபேசி எண் பட்டியல் ஊர் சுற்றும். இறுக்கிப் பூட்டினாலோ, ‘அனுமதி கொடுங்கள்’ என்ற கோரிக்கைகள் செயலாளரின் இன்பாக்ஸில் குவியும். இதற்கு நடுவழி உண்டு: கூகுள் குரூப்ஸில் சங்கத்துக்கு ஒரு குழு முகவரி தொடங்கி, அந்த முகவரிக்கு மட்டும் பார்வை அனுமதி கொடுத்துவிடலாம். வீட்டை விற்றுப் போனவரைக் குழுவிலிருந்து நீக்கினால் கோப்புக்கான அனுமதியும் போய்விடும். கூகுள் கணக்கு இல்லாதவர்களுக்கு மட்டும் பிடிஎஃபைத் தனியே அனுப்பினால் ஆயிற்று.

கோப்புகளைச் செயலாளரின் சொந்தக் கணக்கில் வைக்கவே கூடாது. பதவி மாறும், அவர் அந்தக் கணக்கை அழித்தால் கோப்பும் போகும். சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கு தொடங்கினால் இலவச இடம் 15 ஜிபி. மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் அதிலேயே பங்கு போகும் என்றாலும், சங்கக் கணக்குகளுக்கு அது தாராளம்.

தமிழில் தட்டியதை வேர்டு கோப்பாக அனுப்புபவர்கள் எழுத்துருவையும் பார்க்க வேண்டும். பாமினியில் அடித்த சுற்றறிக்கை, அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடில் அடியுங்கள், இல்லையேல் எழுத்துருவோடு பிடிஎஃபாக்குங்கள். அனுப்பும் முன், கோப்பையும் லிங்க்கையும் வீட்டில் இன்னொருவரின் கைபேசியில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.