மழைக்கு ஒதுங்கிய டீக்கடை

அன்புள்ள தம்பிக்கு,

உன் திரைக்கதையின் 87-ஆவது காட்சியில் மழை பெய்கிறது. ஏழு வருடம் கழித்து ஊர் திரும்பும் உன் நாயகன், திருச்சி பஸ்ஸைத் தவறவிடுகிறான். கை காட்டிய லாரியில் ஏறுகிறான். விழுப்புரம் தாண்டியதும் லாரி படுத்துவிடுகிறது. மழைக்கு ஒதுங்க ஓடிப்போய் ஒரு டீக்கடைத் தாழ்வாரத்தில் நிற்கிறான். அங்கே அவன் காதலித்தவளும் நிற்கிறாள். கையில் குடை இல்லை, கழுத்தில் தாலியும் இல்லை. கடை ரேடியோவில் அவர்கள் இருவரும் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த அதே பாட்டு. படம் முடிகிறது.

இதை நீ எனக்கு வாயால் சொன்ன அன்று உன் கண் கலங்கியது. அதனால் அப்போது எதுவும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். இப்போது பைண்ட் போட்ட பிரதியை இரண்டு முறை படித்துவிட்டு எழுதுகிறேன். 86 காட்சி வரை உன் கை நன்றாக ஓடியிருக்கிறது. அந்தப் பெண்ணின் அம்மா அரிசி களைந்துகொண்டே கல்யாணப் பேச்சை எடுக்கும் இடத்தை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று பொறாமையாகக்கூட இருந்தது. 87-ஐ நீ எழுதவில்லை, தம்பி. மழை எழுதியிருக்கிறது.

டிஸ்கஷனில் ஒருவர் “லாஜிக் இடிக்குதே” என்றபோது நீ சொன்ன பதில் ஞாபகம் இருக்கிறது. “நிஜத்துல நடக்குது சார். எங்க சித்தப்பா சித்தியப் பத்து வருசம் கழிச்சுப் பழனிப் படிக்கட்டுலதான் பார்த்தாரு.” பார்த்திருப்பார். 23 பேர் இருக்கும் அறையில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைய வாய்ப்பு பாதிக்கு மேல் என்கிறது கணக்கு. நாம் வாயைப் பிளக்கும் அளவுக்குத் தற்செயல் அபூர்வமான சரக்கு இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உன் சித்தப்பா கதையைக் கேட்கிறவர் “அட கடவுளே” என்பார். அதையே திரையில் பார்க்கிறவர் “அட டைரக்டரே” என்பார். திரைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பது டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவருக்கும் தெரியும். அவர் தன் வசதிக்கு எழுதினாரா, கதைக்காக எழுதினாரா என்று அவர்கள் மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். நடக்கக்கூடியதாக இருந்தும் நம்பவைக்காத ஒன்றைவிட, நடக்கவே முடியாததாக இருந்தும் நம்பவைக்கும் ஒன்றே கதைக்கு உகந்தது என்று அரிஸ்டாட்டில் 2,300 வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டுப் போனார். “நிஜத்துல நடந்தது சார்” என்று அவரிடமும் யாரோ போய் நின்றிருக்க வேண்டும்.

நானும் அப்படி நின்றவன்தான். வருடங்களுக்கு முன்னால் நான் வசனம் எழுதிய ஒரு படத்தில், முகவரி தெரியாத காதலியைத் தேடிப் புறப்பட்டவன் சென்னையில் இறங்கி, ஏறிய முதல் பஸ்ஸிலேயே அவளைப் பார்ப்பான். மதுரையில் ஒரு தியேட்டரில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். சரியாக அந்த இடத்தில் முன்னாலிருந்து ஒரு குரல்: “பின்கோடு போட்ட லெட்டரே ஒரு வாரம் ஆகுதுடா!” தியேட்டரே சிரித்தது. அழவேண்டிய இடம் அது. இடைவேளைவரை அவர்களை இழுத்துப் பிடித்திருந்த படத்தை அந்த ஒரு பஸ் கவிழ்த்துவிட்டது. அன்றிலிருந்து இந்த விஷயத்தை நோண்டிக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் காளிதாசனிடம் போ. துஷ்யந்தன் கொடுத்த மோதிரம் சகுந்தலையின் விரலிலிருந்து தீர்த்தத்தில் நழுவுகிறது. அதை ஒரு மீன் விழுங்குகிறது. அந்த மீன் ஒரு மீனவன் வலையில் விழுகிறது. அறுத்துப் பார்த்தால் மோதிரம். அது அரசனிடமே வந்து சேர்கிறது. உன் லாரி, மழை, ரேடியோ மூன்றையும் சேர்த்தாலும் இந்த மீனுக்கு ஈடாகாது. ஆனாலும் நூறு நூறு ஆண்டுகளாக யாரும் “அதெப்படிய்யா?” என்று கேட்கவில்லை. ஏன்?

அந்த மீன் எங்கே வருகிறது என்று பார். நாடகத்துக்கு ஏழு அங்கம். மீனவனைக் காவலர்கள் பிடித்துவரும் காட்சி ஆறாவதின் தொடக்கத்தில் வருகிறது. மோதிரத்தைப் பார்த்ததும் அரசனுக்குக் காதலி கிடைப்பதில்லை, ஞாபகம் கிடைக்கிறது. சபை நடுவே வயிற்றுப்பிள்ளையோடு நின்றவளை “யாரென்று தெரியாது” என்று துரத்தியது நினைவுக்கு வருகிறது. அந்த அங்கம் முழுக்க அவன் குமைகிறான். ஏழாவது அங்கத்தில்தான், இந்திரனுக்காகப் போரிட்டுத் திரும்பும் வழியில், ஆசிரமத்தில் சிங்கக்குட்டியின் வாயைத் திறந்து பல் எண்ணும் தன் மகனைப் பார்க்கிறான். மகாபாரதத்தில் இருக்கும் மூலக்கதையில் மோதிரமும் கிடையாது, மீனும் கிடையாது, அரசனை மறக்கவைத்த சாபமும் கிடையாது. அரசன் தெரிந்தே மறுக்கிறான். அசரீரி வந்து தீர்த்துவைக்கிறது. காளிதாசன் அசரீரி வேலையைக் குறைத்து, சாபத்தை நுழைத்து, அடையாளப் பொருளைக் கண்டால் சாபம் தீரும் என்று நாலாவது அங்கத்திலேயே லீட் கொடுத்துவிட்டான். அதனால் ஆறாவதில் மீன் வரும்போது நாம் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம். அது கொண்டுவருவதும் பரிசு இல்லை, வலி.

பார்க்கிறவன் துரதிர்ஷ்டத்தைச் சட்டென்று நம்பிவிடுவான். அதிர்ஷ்டத்துக்கு மட்டும்தான் ரசீது கேட்பான். கோவலன் சிலம்பு விற்கப் போய், இத்தனை பெரிய மதுரையில், அரசியின் சிலம்பைத் திருடிய அதே பொற்கொல்லனிடமா மாட்ட வேண்டும் என்று எவரும் இளங்கோவை மடக்குவதில்லை. ‘96’ படத்தில் ராம் ஜானுவைத் தேடி அவள் கல்லூரி வரை வருகிறான். வேறொருவன் என்று நினைத்து அவள் பார்க்காமலே அனுப்பிவிடுகிறாள். அந்த ஒரு தவறுக்காகத் தியேட்டரே உச்சுக்கொட்டியது. தவறவிட்ட பஸ் எல்லோர் வாழ்க்கையிலும் இருக்கிறது. அதனால் பிரிப்பதற்குத் தற்செயலைத் தாராளமாகக் கையாளலாம். சேர்ப்பதற்குக் கொண்டுவந்தால்தான் கணக்குக் கேட்பார்கள்.

அப்படியானால் கடைசி ரீலில் தற்செயலே கூடாதா? நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. அகத்தியனின் ‘காதல் கோட்டை’, 1996. தொலைந்துபோன தன் சான்றிதழ்களைத் திருப்பி அனுப்பிய சூர்யாவுக்குக் கமலி நன்றி எழுத, பார்க்காமலேயே காதல் வளர்கிறது. அவன் சென்னைக்கு வந்து ஆட்டோ ஓட்டுகிறான். அவளும் சென்னையில்தான் இருக்கிறாள். இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்கிறார்கள், உரசிக்கொள்கிறார்கள், யார் யாரென்று தெரியாமலே பிரிகிறார்கள். இத்தனை லட்சம் பேர் இருக்கும் ஊரில் அவன் ஆட்டோவில் அவளா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அந்தச் சந்திப்புகள் அவர்களுக்கு உதவவில்லை. நம்மை இருக்கை நுனிக்குத் தள்ளின. “டேய், அவதான்டா!” என்று நாம் கத்த, திரையில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை.

பிறகு அந்த ரயில் நிலையம். வண்டி நகரும் நேரம். அவள் தன் கையால் செய்து அனுப்பிய உடை அவன் மேல் இருப்பதைப் பார்க்கிறாள். குதித்து இறங்குகிறாள். அந்த நொடியில் அவள் அந்தப் பக்கம் பார்த்தது தற்செயல்தான். ஆனால் அந்த உடையை அவள் உருவாக்கினாள், அனுப்பினாள். அவன் பத்திரமாக வைத்திருந்தான், அன்றைக்கு உடுத்திக்கொண்டான். நாலு செயலுக்கு மேலே ஒரு தற்செயல் உட்கார்ந்திருக்கிறது. அகத்தியனுக்குச் சிறந்த இயக்குநர், சிறந்த திரைக்கதை என்று இரண்டு தேசிய விருதுகள் அந்தப் படத்துக்காகக் கிடைத்தன. அதே ரயில் நிலையத்தில் அவன் சாதாரணச் சட்டையோடு நின்று, யாரோ ஒருவர் “சூர்யா!” என்று கூப்பிட அவள் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகியிருக்கும்.

ஹாலிவுட்டிலும் கைதேர்ந்தவர்கள் இதையேதான் செய்தார்கள். நோரா எஃப்ரானின் ‘ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்’, 1993. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்து அப்பனும் மகனும் இறங்கிப் போய்விடுகிறார்கள். அந்த அப்பனைத் தேடி ஒருத்தி மேலே வருகிறாள். பையன் மறந்து வைத்த பை அங்கே கிடக்கிறது. பையை எடுக்க அவர்கள் திரும்பி வருகிறார்கள். ஒரு பைதான் அந்தக் காதலை முடித்துவைக்கிறது. ஆனால் அவள் அங்கே வந்து நிற்பதற்கு முன்னால், நிச்சயம் செய்தவனிடம் உண்மையைச் சொல்லி மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். கையிலிருந்ததை இழந்துவிட்டு, அவன் இருப்பானா என்றே தெரியாமல் வந்தவளுக்கு ஒரு பை கிடைத்தால் பார்க்கிறவன் ஏன் தடுக்கப்போகிறான்?

இன்னொரு வகையும் உண்டு. தற்செயலைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்குள் எதையுமே வைக்காமல் விடுவது. ழாக் டெமியின் ‘செர்பூர்க் குடைகள்’, 1964: பனி கொட்டும் இரவில் அவள் காரோடு வந்து நிற்கும் பெட்ரோல் பங்க் அவளுடைய பழைய காதலனுடையதாக இருக்கிறது. சில வார்த்தை பேசுகிறார்கள். காரில் இருக்கும் குழந்தையைப் பார்க்கிறாயா என்று கேட்கிறாள். அவன் வேண்டாம் என்கிறான். வண்டி போய்விடுகிறது. பாலாஜி சக்திவேலின் ‘காதல்’, 2004: கணவனோடு போகும் ஐஸ்வர்யா, சிக்னலில் சித்தம் கலங்கித் திரியும் பழைய காதலன் முருகனைப் பார்க்கிறாள். இரண்டு சந்திப்பையும் எவரும் நம்பாமல் போகவில்லை. சேர்த்துவைக்க வராத தற்செயல்கள் அவை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். உன் காலத்துப் பார்வையாளனிடம் செல்போன் இருக்கிறது. “ஒரு மெசேஜ் போட்டிருந்தா முடிஞ்சிருக்குமே” என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. ‘96’-இல் பழைய வகுப்புத் தோழர்களைச் சேர்ப்பது வாட்ஸ்அப் குழுதான். அங்கே மழைக்கு வேலை இல்லை. உன் நாயகன் ஏழு வருடம் அவளுக்கு ஏன் ஒரு போன்கூடப் போடவில்லை என்பதற்கு 86 காட்சியிலும் பதில் இல்லை. அந்த ஓட்டையை முதலில் அடை.

இனி 87-க்கு வருவோம். நான் செய்யும் ஒரு வேலையைச் சொல்கிறேன். சிவப்புப் பென்சிலை எடுத்து, “அப்போது பார்த்து”, “எதிர்பாராதவிதமாக”, “சரியாக அதே நேரத்தில்” என்று வரும் இடங்களையெல்லாம் வட்டம் போடு. ஒவ்வொரு வட்டத்தின் பக்கத்திலும் இரண்டு கேள்வி எழுது: இது நடக்க இவர்கள் என்ன செய்தார்கள்? இதற்காக எதை இழந்தார்கள்? பதில் இல்லாத வட்டம் உன் 87-இல் மட்டும் நான்கு இருக்கிறது.

மருந்து உன்னிடமே இருக்கிறது. 14-ஆவது காட்சியில் இருவரும் கல்லூரியிலிருந்து ஊருக்குப் போகும்போது பஸ் நிற்கும் ஒரு டீக்கடையை எழுதியிருக்கிறாய். காசு பத்தாமல் ஒரே டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடிக்கிறார்கள், மாஸ்டர் சிரிக்கிறார். அழகான காட்சி. 20-க்குப் பிறகு நீயே அந்தக் கடையை மறந்துவிட்டாய். 87-இல் வரும் டீக்கடை அதுவாக இருக்கட்டும். லாரி பழுதாக வேண்டாம். பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அவனே எழுந்து, திருச்சி டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நடுவழியில் இறங்கட்டும். கடையில் அவள் இல்லை. இரண்டு டீ சொல்கிறான். வயதாகிப்போன மாஸ்டர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, “அந்தப் பொண்ணும் வந்தா ரெண்டு டீதான் சொல்லும், தம்பி” என்கிறார். அவன் அடுத்த பஸ்ஸை விடுகிறான். அதற்கடுத்ததையும் விடுகிறான். அவன் எத்தனை பஸ்ஸை விட்டான் என்பதில்தான் உன் கிளைமாக்ஸ் இருக்கிறது. அவள் அன்றைக்கே வர வேண்டுமா, மறுநாள் காலையில் வர வேண்டுமா என்பதை நீ முடிவு செய். அன்றைக்கே வந்தாலும் பார்க்கிறவன் மன்னித்துவிடுவான்.

மழை இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த ரேடியோவை மட்டும் அணைத்துவிடு.

திருத்தியதை மறுபடி பைண்ட் போட்டுக் காசைக் கரைக்காதே. தனித்தாளாகவே கொண்டுவா. வழக்கமாகச் சனிக்கிழமை சாயங்காலம் நான் எந்தக் கடையில் இருப்பேன் என்பது உனக்குத் தெரியும். வழியில் எங்காவது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாமல், ஒரு போன் போட்டுவிட்டு வா.

அன்புடன்,
அண்ணன்