மேடு கட்டும் பறவையை வரைகிறவனுக்கு



நீ அனுப்பிய சித்திரத்தை இரண்டு நாளாகத் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ராஜேந்திர சோழனுடைய மெய்க்கீர்த்தியிலே மாநக்கவாரம் என்று பெயர்பெற்ற நிக்கோபார் தீவுகளிலன்றி உலகில் வேறெங்கும் இல்லாத நிக்கோபார் மெகபோடு என்னும் அந்தக் கானகப் பறவைக்கு நீ மயிலின் ஜொலிப்பைத் தந்துவிட்டாய். கோழிப் பருமனில், முகத்துச் சிவந்த தோலைத் தவிர உடலெல்லாம் மங்கிய பழுப்பாக இருக்கும் அந்த ஜீவனின் சௌந்தரியம் இறகில் இல்லை. பெரும்பாதம் என்று பொருள்படும் அதன் பெயரே சொல்வதுபோல், காலில் இருக்கிறது.

அந்தக் காலால் மணலையும் சருகையும் சீய்த்துச் சீய்த்து, ஆள் இடுப்பளவுக்கு மேடாகக் குவித்து, அதற்குள் முட்டையைப் புதைத்துவிட்டு, அடைகாக்கும் பொறுப்பைச் சருகு மக்கும் சூட்டிடம் விட்டுவிடுகிறது. மார்கழி விடியலில் நம் ஊர் எருக்குழிக்குள் கையை விட்டுப் பார். அங்கே தட்டுப்படும் வெதுவெதுப்புத்தான் அந்தக் குஞ்சுக்குத் தாய். பொரிந்த குஞ்சு தானே மண்ணைக் குடைந்து வெளியேறி, தாயின் துணையில்லாமலே தன் இரையைத் தேடிக்கொள்கிறது. சிருஷ்டியில் இத்தகைய விசேஷம் கண்ணெதிரே இருக்க, நீ ஏன் வர்ணத்தைத் தேடி அலைகிறாய்?

மேடுகள் பெரும்பாலும் கடலோரக் காட்டு விளிம்பிலேயே இருப்பவை. 2004 டிசம்பர் 26 அன்று நம் காரைக்கால்மேட்டையும் கிளிஞ்சல்மேட்டையும் சூறையாடிய அதே ஆழிப்பேரலை அந்த மேடுகளையும் வாரிக்கொண்டு போயிற்று. இணைகள் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்துவிட்டதாகப் பின்னால் நடந்த ஆய்வு கணக்கிட்டது. எஞ்சியவை மறுபடி சீய்க்கத் தொடங்கின. ஆனால் அவை மேடு கட்டும் கலாத்தியா விரிகுடாவின் சரணாலய அந்தஸ்து, துறைமுகத் திட்டத்தின் பொருட்டு, 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. இது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். அலை அறியாமல் செய்ததை மனிதர் அறிந்தே செய்வதற்குச் சமாதானம் கிடையாது.

ஆகவே தம்பி, படத்தை மறுபடி எழுது. பறவை ஓரத்தில் சிறிதாக நிற்கட்டும். மேட்டைப் பெரிதாக எழுது, அதன் பின்னே கடல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது தெரியும்படி எழுது. முடிந்ததும் முதலில் எனக்கு அனுப்பு.